சுரைக்குடுக்கை முதுகில், லைஃப் ஜாக்கெட் நெஞ்சில்

எங்கள் ஊர்க் கிணற்றில் நான் நீச்சல் பழகியது சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டுதான். முற்றிக் காய்ந்த பெரிய சுரைக்காயை முதுகோடு சேர்த்துக் கட்டி, மாமா படியில் நின்று தள்ளிவிடுவார். நான்கு நாள் தண்ணீர் குடித்த பிறகு ஐந்தாம் நாள் கை கால் தானாக அசைந்தது. முப்பது வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் தண்ணீர் எனக்குப் பழகினது என்ற தெம்பு மட்டும் போகவே இல்லை.

அந்தத் தெம்போடுதான் போன மே மாதம், அமெரிக்காவின் மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள ஒரு சின்னப் படகு கிளப்பின் ஒருநாள் பாதுகாப்பு வகுப்பில் போய் உட்கார்ந்தேன். நண்பர் ஒருவர் பழைய மோட்டார் படகு வாங்கியிருந்தார். கோடையில் குடும்பத்தோடு போவதாகத் திட்டம். வகுப்புக்குப் பெயர் கொடுத்தது என் மனைவி. “எனக்குத்தான் நீச்சல் தெரியுமே” என்றதற்கு, “உங்களுக்குத் தெரியும், சரி. அது ஏரிக்குத் தெரியுமா?” என்றாள்.

வகுப்பு எடுத்தவர் எழுபது வயதைத் தாண்டியவர். பலகையில் ஒன்றும் எழுதவில்லை. ஒரு வாளியில் தண்ணீரும் ஐஸ் கட்டிகளும் போட்டு, “யாருக்கு நன்றாக நீச்சல் தெரியும்?” என்று கேட்டார். கை தூக்கினேன், மாட்டிக்கொண்டேன். இரண்டு கைகளையும் மணிக்கட்டுக்கு மேல்வரை வாளிக்குள் விடச் சொன்னார். முதல் நிமிடம் வலி. இரண்டாம் நிமிடம் எலும்புக்குள் வலி. அப்புறம் வலி மங்கி, கை என்னுடையது இல்லை என்பது போல ஆனது. மூன்றரை நிமிடம் கழித்துக் கையை எடுக்கச் சொல்லி, ஒரு லைஃப் ஜாக்கெட்டை நீட்டி, “இதைப் போட்டு பக்கிளை மாட்டுங்கள்” என்றார். விரல்கள் பக்கிளைத் தொட்டன, பிடிக்கவில்லை. ஸ்கூல் பேக்கில் இருக்கும் அதே பிளாஸ்டிக் பக்கிள்தான். நான்கு முறை முயன்றேன். அறையில் யாரும் சிரிக்கவில்லை.

“தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளலாம் என்று சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறீர்களே, தேவைப்படும்போது உங்கள் கை இப்படித்தான் இருக்கும்” என்றார் அவர். அன்று முழுவதும் அவர் சொன்னதன் சாரம் இதுதான்.

என்ன நடக்கிறது என்றால், தோலில் குளிர் பட்டதும் உடல் தன் ரத்தத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இதயத்தையும் மூளையையும் சூடாக வைத்திருப்பதுதான் அதற்கு முதல் வேலை. விரல்களை அது கைவிட்டுவிடும். குளிர்ந்த நரம்பில் தகவல் மெதுவாகப் போகும், குளிர்ந்த தசை மெதுவாகச் சுருங்கும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துவதால் எல்லாமே சீக்கிரம் நடந்துவிடுகிறது.

விரல் மரத்துப்போவதற்கு முன்பே இன்னொரு ஆபத்து உண்டு. குளிர்நீரில் திடீரென விழுந்தவர் தன்னையறியாமல் ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுப்பார். அந்த நொடி தலை தண்ணீருக்குள் இருந்தால், உள்ளே போவது தண்ணீர். தொடர்ந்து மூச்சு கட்டுப்பாடில்லாமல் வாங்கும். கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட், ஆய்வுக்காகத் தானே பலமுறை உறைகுளிர் நீரில் இறங்கியவர். மனதில் நிற்பதற்கு அவர் தந்த கணக்கு 1-10-1. மூச்சை அடக்கிக்கொள்ள 1 நிமிடம், கை கால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு தப்ப 1 மணி நேரம். துல்லியமான எண்கள் அல்ல, ஆனால் வரிசை முக்கியம். குளிர் ரத்தத்தை உறையவைத்துக் கொல்லும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பெரும்பாலானவர்கள் அந்த ஒரு மணி நேரத்தை எட்டுவதே இல்லை. அதற்குள் மூழ்கிவிடுகிறார்கள், நீச்சல் தெரிந்தவர்களும்கூட.

அமெரிக்கப் படகு கிளப்புகள் பாதுகாப்பு வாரத்தை மே மாதத்தில் வைப்பதன் பொருத்தம் அப்போதுதான் புரிந்தது. வெளியே டி-ஷர்ட் போடும் வெயில். ஏரியோ இன்னும் பனிக்காலத்தில் இருக்கிறது. அவ்வளவு தண்ணீர் சூடேற மாதக்கணக்காகும். மே மாதத்தில் மிச்சிகன் ஏரி பத்து டிகிரி செல்சியஸைத் தொட்டாலே பெரிய விஷயம். வெயிலைப் பார்த்து உடுத்துகிறவன் தண்ணீரை மறந்துவிடுகிறான்.

சரி, அந்த ஜாக்கெட் எப்படிக் காப்பாற்றுகிறது? நம் உடலின் அடர்த்தி கிட்டத்தட்டத் தண்ணீருடையதுதான். நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் மிதப்போம், மூச்சை விட்டால் அமிழ்வோம். ஆக முழு உடம்பையும் தூக்கவேண்டியதில்லை, மூக்கும் வாயும் நீருக்கு மேல் நின்றால் போதும். தலையின் எடை ஐந்து கிலோவுக்குள். சாதாரண ஃபோம் ஜாக்கெட் சுமார் ஏழு கிலோ அளவுக்கு மேலே தள்ளும். எண்பது கிலோ ஆளுக்கு ஏழு கிலோ எப்படிப் போதும் என்று பலருக்குச் சந்தேகம். மீதியைத் தண்ணீரே தாங்கிக்கொள்கிறது.

அந்த ஃபோமில் ஒன்றோடொன்று சேராத கோடிக்கணக்கான குமிழிகள். ஒரு இடத்தில் கிழிந்தாலும் மற்றவை காற்றை விடாது. இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை இந்த வேலையைச் செய்தது இலவம்பஞ்சு. நம் போடிநாயக்கனூரில் மெத்தைக்கு அடைக்கிறார்களே, அதே பஞ்சுதான். அதன் இழை உள்ளே வெற்றுக் குழாய், வெளியே மெழுகுப் பூச்சு. அதனால் தண்ணீர் ஒட்டாது. எண்ணெய் பட்டாலோ கசங்கி நைந்தாலோ மட்டும் மிதக்கும் குணம் போய்விடும்.

இப்போது ஊதிக்கொள்ளும் வகையும் இருக்கிறது. பார்த்தால் கழுத்தில் போட்ட பட்டை மாதிரி இருக்கும். உள்ளே கட்டைவிரல் தடிமனில் ஒரு சிலிண்டர், அதில் 33 கிராம் கார்பன் டை ஆக்சைடு. ஒரு ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்திருப்பது தண்ணீரில் கரையும் ஒரு சின்ன மாத்திரை. நனைந்ததும் மாத்திரை கரையும், ஸ்பிரிங் விடுபடும், ஊசி சிலிண்டரைக் குத்தும், சில நொடிகளில் பதினாறு பதினேழு லிட்டர் வாயு நிறைந்துவிடும். மாத்திரையை அவ்வப்போது மாற்றவேண்டும். ஈரமான அலமாரியில் போட்டுவைத்தால், யாரும் விழாமலே ஒருநாள் ‘புஸ்’ என்று ஊதிக்கொள்ளும்.

எனக்கு மிகவும் பிடித்தது மிதவை எங்கே இருக்கிறது என்ற கணக்கு. நல்ல ஜாக்கெட்டில் ஃபோம் பெரும்பாலும் நெஞ்சிலும் கழுத்தைச் சுற்றியும்தான் இருக்கும். நினைவிழந்தவர் குப்புற விழுந்தால் நெஞ்சு மிதவை அவருக்கு அடியில் மாட்டிக்கொள்கிறது. மேலே வர அது முண்டும், முண்டும் வேகத்தில் ஆளையே புரட்டி மல்லாக்கப் போட்டுவிடும். எல்லா ஜாக்கெட்டும் இதைச் செய்யாது. படகுச் சவாரிக்காரர்கள் விரும்பி வாங்கும் வசதியான அரைக்கோட்டு வகை, நினைவுள்ளவரை மிதக்கவைக்கும், நினைவிழந்தவரைப் புரட்டும் என்று நம்பமுடியாது. கடையில் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் உள்பக்க லேபிளைப் பார்ப்பது நல்லது.

அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் கணக்குப்படி 2023-இல் பொழுதுபோக்குப் படகு விபத்துகளில் இறந்தவர்கள் 564 பேர். காரணம் தெரிந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு மூழ்கி இறந்தவர்கள். அவர்களில் ஜாக்கெட் விவரம் தெரிந்தவர்களை எடுத்தால் 87 சதவீதம் பேர் அதைப் போட்டிருக்கவில்லை. பாதுகாப்புப் பயிற்சி பெறாதவர் ஓட்டிய படகுகளில்தான் 75 சதவீத மரணம் என்று இன்னொரு எண்ணும் சொன்னார்கள். அங்கே எனக்கு ஒரு தயக்கம். படகு ஓட்டுகிறவர்களில் மொத்தம் எத்தனை சதவீதம் பேர் பயிற்சி இல்லாதவர்கள் என்று தெரியாமல், அந்த எண்ணை மட்டும் வைத்துப் பயிற்சியின் பலனை அளக்கமுடியாது. என்னைக் கேட்டால் எண்ணைவிட வாளிதான் நல்ல சாட்சி.

நம் ஊர்த் தண்ணீர் இப்படிக் குளிராதே என்று கேட்கலாம். குளிராது. ஆனால் 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் சாய்ந்ததாகச் சொல்லப்பட்டது. சாய்ந்த பக்கம் படகு கூடுதலாக நீரில் அமிழும், அங்கே நீரின் உந்துதலும் கூடி அதை நிமிர்த்தப் பார்க்கும். அதற்கு ஓர் எல்லை உண்டு. மேல்தளத்தில் ஆட்கள் கூடக் கூட எடையின் மையம் உயர்ந்து அந்த எல்லை சுருங்கும். தாண்டிவிட்டால் திரும்பி வராது, நொடிகளில் முடிந்துவிடும். அங்கே விரல் மரத்துப்போக நேரமில்லை, ஜாக்கெட்டைத் தேடவும் நேரமில்லை. மூடிய அறைக்குள் மாட்டிக்கொண்டால் ஜாக்கெட்டே ஆளைக் கூரையோடு அழுத்திவிடும் என்பது வேறு சிக்கல். அதனால்தான் அத்தகைய படகில் எத்தனை பேர், எங்கே உட்கார்கிறார்கள் என்பது ஜாக்கெட்டுக்கும் முந்திய கேள்வி.

வகுப்பு நாளன்று மதியம் என் ஆறு வயது மகளுக்கு அளவு பார்த்தார்கள். ஜாக்கெட்டை மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினார் பெரியவர். அது அவள் காதைத் தாண்டி ஏறியது. “தண்ணீர் இதைத்தான் செய்யும்” என்று சொல்லிவிட்டு, கால்களுக்கு நடுவே பட்டை உள்ள சின்ன ஜாக்கெட் ஒன்றை எடுத்துவந்தார். அதைத் தூக்கியபோது அவளும் சேர்ந்து எழும்பினாள்.

அன்றிரவு மாமாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். நெஞ்சில் கட்டினால்தான் ஆள் மல்லாந்து மிதப்பான் என்றதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“ஏன்டா, அப்போ உனக்குக் குடுக்கையைத் தப்பாவா கட்டிவிட்டேன்?”

“இல்லை மாமா. நெஞ்சில் கட்டியிருந்தால் நான் இன்றுவரை வானத்தைப் பார்த்து மிதந்துகொண்டிருப்பேன். நீச்சல் வந்திருக்காது.”