"மாற்றிக்கொண்டன" என்று எழுதினால் மதிப்பெண் இல்லை

தொழிற்சாலைப் புகை படிந்த காடுகளில் கறுப்பு அந்துப்பூச்சிகள் ஏன் பெருகின? பரிணாமப் பாடத்தில் தவறாமல் கேட்கப்படும் கேள்வி இது. வரும் விடைகளில் பாதிக்கு மேல் ஒரே வாக்கியம்தான்: "பறவைகளிடமிருந்து தப்பிப்பதற்காகப் பூச்சிகள் தங்கள் நிறத்தைக் கறுப்பாக மாற்றிக்கொண்டன." உயிரியல் ஆசிரியராகச் சேர்ந்த முதல் சில ஆண்டுகள் இதற்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். போடாமல் என்ன செய்வது? வகுப்பில் நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

எந்தப் பூச்சியும் எதையும் மாற்றிக்கொள்ளவில்லை. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1848-இல் கறுப்புப் பூச்சி ஓர் அபூர்வம். புகைக்கரி மரப்பட்டைகளைக் கறுப்பாக்கியது. பட்டைமேல் படர்ந்திருந்த வெளிர்நிற லைக்கன்களும் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் படர்வுகள்) அழிந்தன. அங்கே உட்கார்ந்த வெளிர்நிறப் பூச்சிகள் பறவைகளின் கண்ணில் பளிச்சென்று பட்டன. கறுப்பாகப் பிறந்தவை அதிகமாகத் தப்பின, அதிகமாக முட்டையிட்டன. 1895 வாக்கில் அதே பகுதியில் சுமார் 98 சதவீதம் கறுப்பு. ஒவ்வொரு பூச்சியும் தான் பிறந்த நிறத்திலேயே செத்தது. மாறியது கூட்டத்தின் கணக்கு.

"ஆக" என்ற சின்ன உருபு வகுப்பறையில் செய்யும் கேடு கொஞ்சமில்லை. "இலையை எட்டுவதற்காக ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து நீண்டது" என்று ஆசிரியர் வாயிலிருந்து வந்துவிட்டால், அன்றைய பாடம் அங்கேயே முடிந்தது. 1809-இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாமார்க் எழுதியது ஏறத்தாழ அதுதான். அதைத்தான் டார்வின் பெயரில் நடத்திக்கொண்டிருந்தேன். "பரிணாம வளர்ச்சி" என்ற சொல்லும் இதற்குத் துணைபோகிறது. வளர்ச்சி என்றதும் ஏணி ஒன்றும் அதன் உச்சியில் மனிதனும் நினைவுக்கு வந்துவிடுகிறார்கள். குகைக்குள் வாழ்ந்து கண் பார்வையை இழந்த மீன் வளர்ந்ததா, தேய்ந்ததா? நான் இப்போது "பரிணாமம்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தேவைக்காக மாற்றம் வருகிறது என்ற இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரு வெல்வெட் துணி போதும். 1952-இல் எஸ்தர், ஜோஷுவா லெடர்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் தம்பதியர் செய்த சோதனை அது. ஒரு தட்டில் பாக்டீரியாக்களை வளர்த்தார்கள். வெல்வெட் துணியை அதன்மேல் ஒற்றி, அதே துணியை மருந்து கலந்த தட்டுகளில் ஒற்றினார்கள், முத்திரை குத்துவதுபோல. மருந்தைத் தாங்கிப் பிழைத்தவை அந்தத் தட்டுகளில் ஒரே இடங்களில் முளைத்தன. அந்த இடங்களை வைத்து முதல் தட்டுக்குத் திரும்பிப் பார்த்தால், மருந்தையே கண்டிராத அந்தத் தட்டிலும் எதிர்ப்புத் திறன் கொண்டவை இருந்தன. தேவை வருவதற்கு முன்பே சடுதிமாற்றம், அதாவது மரபணுவில் தற்செயலாக நேரும் மாற்றம், நடந்திருந்தது. வகுப்பில் கரும்பலகையில் இரண்டு வட்டம் போட்டுப் புள்ளி வைத்தே இதை விளக்கிவிடலாம். "உடம்புக்கு மருந்து பழகிவிட்டது" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதையும் அதே மூச்சில் திருத்திவிடுவேன். பழகியது உடம்பல்ல, மருந்துக்குச் சாகாத கிருமிகள் மிஞ்சிப் பெருகியிருக்கின்றன.

"குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இன்னும் ஏன் குரங்கு இருக்கிறது?" என்ற கேள்விக்கு நான் சலித்துக்கொள்வதில்லை. இன்றைய குரங்கு நமக்கு மூதாதை அல்ல, பொது மூதாதை வழிவந்த உறவு; உன் பெரியப்பா மகன் உனக்குத் தாத்தா இல்லையே என்றால் வகுப்பு சிரித்துவிடும், புரிந்தும்விடும். பிறகு கையை நீட்டச் சொல்வேன். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து, மணிக்கட்டை லேசாக உள்ளே மடக்கினால், பலருக்கு நடுவில் ஒரு தசைநாண் கயிறுபோலப் புடைத்து நிற்கும். நாலைந்து பேருக்கு இருக்காது. சிலருக்கு ஒரு கையில் மட்டும் இருக்கும். இல்லாதவர்கள் முகம் வாடும். பிடிப்பின் வலு அதனால் குறைவதில்லை என்று சொல்லித் தேற்ற வேண்டும். பயன் தேய்ந்தும் மிஞ்சி நிற்கும் எச்ச உறுப்பு என்றால் என்ன என்று அதற்குப் பிறகு நான் வரையறை எழுதிப்போடுவதில்லை.

நம்பிக்கை பற்றிய கேள்வியும் வரும். யாருடைய சாமியையும் நான் வம்புக்கு இழுப்பதில்லை. சான்று எதைக் காட்டுகிறது என்பதை மட்டும் தேர்வில் கேட்பேன் என்று சொல்லிவிடுவேன். கேலி செய்தால் அந்த மாணவன் காதை மூடிக்கொள்வான். ஆனால் "இது வெறும் கோட்பாடுதானே" என்பதை விடமாட்டேன். நோய்கள் கிருமிகளால் வருகின்றன என்பதும் கோட்பாடுதான்.

1925-இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில், பரிணாமத்தைக் கற்பித்ததற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற பள்ளி ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் விதித்தார்கள். இந்தப் பாடத்தை முடக்க இன்று நீதிமன்றமே தேவையில்லை. ஆண்டுக் கடைசியில் வைத்து, "நேரமில்லை, வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்றாலே போதும். நான் இதை முதல் மாதத்திலேயே எடுத்துவிடுகிறேன். வகைப்பாடும் மரபியலும் அதற்குப் பிறகு தாமாக வந்து ஒட்டிக்கொள்கின்றன.

சென்ற முறை ஒரு மாணவி விடைத்தாளில் எல்லாம் சரியாக எழுதிவிட்டு, ஓரத்தில் என்னையே கேட்டிருந்தாள்: "அப்படியானால் முதல் கறுப்புப் பூச்சி எப்படி வந்தது?" அதற்கு விடை 2016-இல்தான் வெளியானது. இடம்விட்டு இடம் தாவும் ஒரு டி.என்.ஏ. துண்டு, கார்டெக்ஸ் என்ற மரபணுவுக்குள் போய்ச் செருகிக்கொண்டிருக்கிறது. ஆய்வாளர்களின் கணிப்பில் அது நடந்தது 1819-ஐ ஒட்டி, கறுப்புப் பூச்சி மனிதர் கண்ணில் படுவதற்குச் சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு.