தங்க முலாம் பூசிய கேபிளால் படம் அழகாகுமா?

பிளேஸ்டேஷன் 5 என்ற வீடியோ விளையாட்டுக் கருவி வாங்கியிருக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "தொலைக்காட்சியோடு இணைக்கப் பெட்டியோடு வந்த எச்.டி.எம்.ஐ. கேபிளை ஓரமாக வைத்துவிட்டு, தங்க முலாம் பூசியதாக ஒன்று வாங்கினால் நிறங்கள் எடுப்பாகத் தெரியும் என்று கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா?"

வாங்க வேண்டியதில்லை. கடைக்காரர் சொல்வது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிளேஸ்டேஷன் 2 காலத்து மஞ்சள் பின் கேபிளில், படத்தின் வெளிச்சமும் நிறமும் ஒரே அலையாகக் கலந்து ஒரே கம்பியில் சென்றன. மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமே படமாக இருந்ததால், வழியில் எது கலந்தாலும் அது திரையில் தெரிந்தது. வெளிச்சத்தையும் நிறத்தையும் பிரித்து அனுப்பும் காம்பொனென்ட் கேபிளுக்கு மாறியவர்கள் படம் தெளிந்ததைக் கண்ணாலேயே கண்டார்கள்.

எச்.டி.எம்.ஐ. கேபிளில் அலையாக எதுவும் படத்தைச் சுமப்பதில்லை, எண்களே செல்கின்றன. 4கே திரையில் 82,94,400 படப்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்), நொடிக்கு 120 படம் என்று கணக்கிட்டால், நொடிக்குச் சுமார் 2,389 கோடி பிட்டுகள் ஆகின்றன. எச்.டி.எம்.ஐ. தரத்தின் 2.0 பதிப்பு கொண்டுசெல்லக்கூடியது நொடிக்கு 1,800 கோடி மட்டுமே. 2017இல் வெளியான 2.1 அதை 4,800 கோடியாக உயர்த்தியது. நான்கு ஜோடிக் கம்பிகள், ஜோடிக்கு 1,200 கோடி.

இந்த ஜோடிகளில் ஒன்றைச் சற்று நின்று பார்க்கலாம். நொடிக்கு 1,200 கோடி என்றால் ஒரு பிட்டின் ஆயுள் 83 பிக்கோநொடி, அதாவது ஒரு நொடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் துளிகளில் 83. செப்புக் கேபிளில் மின்சைகை ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் ஓடுகிறது. ஆகவே ஒரு பிட் பிறந்து முடிவதற்குள் அதன் தலை ஏறக்குறைய 1.7 சென்டிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். உங்கள் மேசைக்குப் பின்னால் கிடக்கும் 2 மீட்டர் கேபிளில், ஒவ்வொரு ஜோடியிலும் எந்தக் கணத்திலும் ஏறக்குறைய 120 பிட்டுகள் எறும்பு வரிசைபோல ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றுகொண்டிருக்கின்றன. ஒன்று தொலைக்காட்சியை அடையும் முன்பே அதற்குப் பின்னால் நூற்றுக்கும் மேற்பட்டவை கிளம்பிவிட்டன.

இவ்வளவு நுண்ணிய சைகை, பக்கத்தில் உள்ள அடாப்டரின் இரைச்சலுக்கு நடுவே எப்படிப் பிழைக்கிறது? ஒரே செய்தியை இரண்டு கம்பிகளில் எதிரெதிராக அனுப்புகிறார்கள். ஒன்றில் மின்னழுத்தம் உயரும்போது மற்றதில் தாழ்கிறது. இரண்டும் நெருக்கமாக இருப்பதால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறுகிறது. தொலைக்காட்சி ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறது. 5-இலும் 3-இலும் 7 கூடினாலும் வித்தியாசம் 2 தான் என்ற பள்ளிக்கூடக் கழித்தலே இரைச்சலை அழித்துவிடுகிறது. இந்த எளிமை என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

ஆகவே, நல்ல கேபிளின் தரம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. ஒரு ஜோடியின் இரு கம்பிகளில் ஒன்று 1 சென்டிமீட்டர் நீண்டுவிட்டால், அதன் பாதி சைகை 50 பிக்கோநொடி தாமதமாக வரும். பிட்டின் ஆயுளில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும். கேபிள் நீள நீள, வேகமான சைகைகள் மங்கவும் செய்யும். அப்போது திரையில் வெண்புள்ளிகள் மினுமினுக்கும், அல்லது படம் அடிக்கடி கறுத்துப் போகும். நிறம் வெளிறுவது மட்டும் நடக்காது. ஒரு புள்ளியின் சிவப்பு 180 என்ற எண்ணாக வருகிறது. அதைப் படம் முழுவதும் ஒழுங்காக 190 ஆக்கும் அறிவு எந்த உலோகத்துக்கும் கிடையாது.

தங்கம் துருப்பிடிக்காது என்பதால் இணைப்பு முனையில் அதற்குப் பயன் உண்டு. மின்சாரத்தைக் கடத்துவதில் செம்பு அதைவிட மேல். தங்க முலாமால் படம் அழகாகிறது என்பதை நான் மூடநம்பிக்கை என்றே சொல்வேன். அறிவியல் சொற்களை உடுத்தி வருவதால் மாணவர்களிடம் கூடுதலாகப் பணம் பறிக்கும் மூடநம்பிக்கை. இத்தகைய விளம்பரங்களைச் சோதித்துத் தமிழில் முடிவு சொல்லும் பொது ஆய்வகங்களுக்கு அரசு தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும்.

மிச்சமாகும் பணத்தைத் தொலைக்காட்சியில் போடுங்கள். பெட்டியில் '2.1' என்று அச்சிட்டிருப்பது போதாது, ஏனெனில் அந்தத் தரத்தின் பல வசதிகள் கட்டாயமானவை அல்ல. 4கே படத்தை 120 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 120 படமாக, உள்வாங்குமா, எந்தெந்தத் துளையில் உள்வாங்கும், படவேகத்துக்கேற்பத் திரை தன் வேகத்தை மாற்றிக்கொள்ளுமா என்று கேளுங்கள். சில மாதிரிகளில் ஒன்றிரண்டு துளைகளுக்கே அந்தத் திறன் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் கேம் மோடை இயக்கிவிடுங்கள். படத்தை மெருகேற்றும் கணக்கீடுகளை அது தவிர்ப்பதால், பொத்தானை அழுத்துவதற்கும் திரை அசைவதற்கும் இடையிலான தாமதம் குறையும். கேபிளைப் பொறுத்தவரை, பெட்டியோடு வந்ததே 4கே 120 ஹெர்ட்ஸுக்குப் போதுமானது. அது தொலைந்துபோனால், 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' என்ற சான்று வில்லை ஒட்டியதாக, தேவைக்குமேல் நீளமில்லாத ஒன்றைப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.