தகடு மடிக்க எந்திரம் எதற்கு?

ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், சாதாரண மென் இரும்பு) தகட்டை ஒரு அடி நீளத்துக்கு நேராக மடிக்க வேண்டும். தகட்டை அச்சில் அழுத்தி மடிக்கும் பிரஸ் பிரேக் எந்திரம் இல்லாமல் ஆகாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை.

சாதாரண இரும்புத் தகடு ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 250 நியூட்டன் தாங்கும். அதைத் தாண்டினால் நிரந்தரமாக வளையும். அந்த 250-ஐ மடிப்பின் நீளத்தாலும் கனத்தின் வர்க்கத்தாலும் (இரண்டும் மி.மீ. அளவில்) பெருக்கி 4-ஆல் வகுங்கள். ஏறக்குறைய 19,000 நியூட்டன் மில்லிமீட்டர், அதாவது 19 நியூட்டன் மீட்டர் வரும். மடிக்கத் தேவையான திருப்புத்திறன் இதுதான். மடிப்புக் கோட்டிலிருந்து 30 செ.மீ. தள்ளிப் பிடித்து அழுத்தினால் ஏறக்குறைய ஆறரை கிலோ பாரம் போதும். ஒரு பையனே மடித்துவிடலாம்!

சிக்கல் வருவது விளிம்பு குட்டையாக இருக்கும்போது. 2 செ.மீ. விளிம்பு என்றால் அதே வேலைக்கு 97 கிலோ ஆகிவிடும். அப்போதுதான் சுத்தியலை எடுக்கிறோம், விளிம்பு அலை அலையாகிறது. ஒவ்வொரு அடியும் பட்ட இடத்தை மட்டும் வளைத்து அங்கே உலோகத்தை நீட்டிவிடுகிறது. மடிப்புக் கோடு நீளாமல் விளிம்பு மட்டும் நீண்டால் அது நெளியாமல் என்ன செய்யும்?

அதனால் விளிம்பின் கையை, அதாவது மடிப்புக் கோட்டிலிருந்து அழுத்தும் இடம் வரையிலான தூரத்தை, நீட்ட வேண்டும். தகட்டை இரண்டு ஆங்கிள்களுக்கு (எல் வடிவ இரும்புச் சட்டங்களுக்கு) நடுவே வைத்து சி-கிளாம்பால் இறுக்குங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பில், மடிப்புக் கோட்டை ஒட்டி, நீளமான மரப்பலகை ஒன்றைப் பிணைத்து, பலகையின் மறுமுனையைப் பிடித்து முழு நீளத்தையும் ஒரே சமயத்தில் அழுத்துங்கள். அப்புறம் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியலால்) லேசாகத் தட்டி மூலையைக் கூராக்கினால் போதும்.

கையை எடுத்ததும் தகடு கொஞ்சம் திரும்பி வரும். வளைவில் ஒரு பங்கு மீள்தன்மையால் வந்தது. அது திரும்பியே தீரும். 90 டிகிரி வேண்டுமானால் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாக மடியுங்கள். அலுமினியத்தின் விறைப்பு இரும்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அதனால் அதே வலிமையுள்ள அலுமினியத் தகடு மூன்று மடங்கு திரும்பும்.

விரிசலையும் கவனிக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தகட்டின் உள்வளைவு ஆரமும் ஒரு மில்லிமீட்டர் என்றால் வெளிப்புறம் மூன்றில் ஒரு பங்கு நீள்கிறது. எம்.எஸ். அதைப் பெரும்பாலும் தாங்கும். 6061-டி6 போன்ற கடின அலுமினியம் பிளந்துவிடும். ஆங்கிளின் மூலையை அரத்தால் மழுக்குங்கள். வெட்டிய ஓரத்துப் பிசிறையும் அராவிவிடுங்கள், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

கனம் 2 மி.மீ. ஆனால் விசை நான்கு மடங்கு: அதே 30 செ.மீ. கைக்கு 26 கிலோ. அதற்கு மேல் பட்டறைக்குக் கொண்டுபோவதே நல்லது.