மறுகால் எந்தப் பக்கம் பாயும்?

குளம், மறுகால் (குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழி), வாய்க்கால் வேலைக்கு வரும் இளம் பொறியாளர்கள் இப்போது கரையில் கால் வைக்கும் முன்பே கணினியில் கான்டூர் (சம உயரக் கோடுகள்) போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நல்லதுதான். கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளையும், எந்தக் கால்வாய் எந்தக் குளத்துக்கு வரத்து என்பதையும் உட்கார்ந்த இடத்தில் பார்த்துவிடலாம்.

ஆனால், "இந்த உயரம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் பலருக்குத் தெரிவதில்லை. இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவில் ஒரு முக்கியப் பகுதி 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் அளந்தது. ஏறத்தாழ 30 மீட்டர் சதுரத்துக்கு ஒரே ஓர் எண். அடர்ந்த தோப்பென்றால் மரத்தின் உயரமும் அதில் சேர்ந்துவிடும். குளத்தில் தண்ணீர் கிடந்தால் நீர்மட்டமே தரையாகப் பதிவாகும். பிழை சில மீட்டர் இருக்கலாம். நம் வயல் வாய்க்கால்களோ கிலோமீட்டருக்கு ஒரு சாண், ஒன்றரைச் சாண் வாட்டத்தில் ஓடுகிறவை!

ஜிபிஎஸ் உயரத்தில் வேறொரு சிக்கல். அது பூமிக்கென்று கணக்கில் வகுத்துக்கொண்ட, துருவங்களில் சற்றே தட்டையான ஒரு சீரான கோளத்திலிருந்து அளக்கிறது. குமரிக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு குறைவு என்பதால், நம் பகுதியின் கடல்மட்டமே அந்தக் கோளத்துக்கு 90 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. திருத்தாமல் எடுத்தால் திருச்செந்தூர் கடற்கரை மைனஸில் நிற்கும்.

நாங்குநேரிப் பக்கம் ஒரு சாலையில் சிறுபாலத்துக்கு இடம் பார்த்தோம். கணினித் திரை தாழ்வு மேற்கே என்று காட்டியது. வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஊர் நீர்பாய்ச்சி, "மறுகால் பாஞ்சா தண்ணி அந்த ஆலமரத்துக்குக் கெழக்கதான் சார் ரோட்ட மறிக்கும்" என்றார். லெவல் கருவி வைத்துப் பார்த்தோம். கிழக்குதான் தாழ்வு. மழைக்காலம்தோறும் மண்வெட்டியோடு தண்ணீருக்குப் பின்னால் நடந்தவர் அவர். அப்படிப்பட்டவர்கள் இன்று ஊருக்கு ஒருவரோ இருவரோதான்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அந்த வெள்ளம் எந்த வழி போனது, எவ்வளவு உயரம் நின்றது என்பது ஊர்க்காரர்கள் நினைவிலும் சுவர்க் கறையிலும் இருக்கிறது. வெள்ளையடித்தால் கறை போய்விடும். அதற்குள் பெஞ்ச்மார்க்கிலிருந்து (உயரம் உறுதியாகத் தெரிந்த குறியிடம்) லெவல் எடுத்து, மடை, மறுகால் மட்டங்களோடு உங்கள் வரைபடத்தில் ஏற்றுங்கள். யார் காட்டிய இடம், எந்த வருட வெள்ளம் என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.