அம்பிளியோப்பியா: மழுங்கியது கண்ணா, பார்வையா?

கொழும்பு லிப்டன் சுற்றுவட்டத்துத் தேசிய கண் வைத்தியசாலைக்கோ தனியார் கிளினிக்குக்கோ பிள்ளையைக் கூட்டிப்போன பெற்றோர் கொண்டுவரும் துண்டில் ‘அம்பிளியோப்பியா’ என்று இருக்கும். சரியான கண்ணாடி போட்ட பின்னும் ஒரு கண்ணின் பார்வை குறைவாகவே இருக்கும் குறை அது. அதைத் தமிழில் கேட்டால் ‘சோம்பேறிக் கண்’ என்று பதில் வரும். ஆங்கிலப் பேச்சுவழக்கை அப்படியே பெயர்த்த சொல் இது. கேட்ட தாய் பிள்ளையிடம் “வடிவாப் பார், சோம்பல்படாதை” என்பார். முயன்று பார்ப்பதால் தீரும் குறையல்ல இது. பிள்ளைமேல் பழி போடும் இந்தச் சொல்லை விட்டுவிட வேண்டும்.

மூலச்சொல் கிரேக்கம். ‘அம்பிளுஸ்’ என்றால் கூர் போன, மழுங்கிய. ‘ஓப்ஸ்’ என்றால் கண், பார்வை. கத்தியும் மழுங்கும், புத்தியும் மழுங்கும் என்று ஒரே வினையை இரண்டுக்கும் ஆளும் தமிழில் ‘பார்வை மழுங்கல்’ தானாகவே பொருந்துகிறது. ‘மங்கு பார்வை’ என்றும் எழுதுகிறார்கள். ஆனால் கண்புரையிலும் பார்வை மங்கும் என்பதால் அந்தச் சொல் எதையும் பிரித்துக் காட்டாது. மாறுகண், அதாவது யாழ்ப்பாணத்தார் சொல்லும் வாக்குக்கண், வேறு. அது மழுங்கலுக்கு ஒரு காரணம் மட்டுமே. இரு கண்ணும் நேராக இருக்கும் பிள்ளைக்கும் மழுங்கல் இருக்கலாம். அதனால்தான் வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் போகிறது.

சரியான கண்ணாடி போட்ட பின்னும் ஒரு கண் மற்றக் கண்ணைவிட எழுத்துப் பலகையில் இரண்டு வரியாவது குறைவாக வாசித்து, அதற்குக் கண்ணுக்குள் போதிய காரணம் தெரியாவிட்டால் அது பார்வை மழுங்கல். மாறுகண், இரு கண்ணுக்கும் பவர் வித்தியாசம், பிறவிக் கண்புரை, சரிந்த இமை ஆகியவற்றில் ஒன்று, ஏறத்தாழ ஏழெட்டு வயதுக்குள், மூளைக்குத் தெளிவான படம் போகாமல் தடுத்திருக்கும். நரம்பியல் ஆய்வாளர்களான ஹியூபலும் வீசலும் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணிமையைத் தைத்து மூடிப் பார்த்தபோது, மூளையின் பார்வைப் புறணியில் (கண் அனுப்பும் படத்தைக் கையாளும் மேற்பகுதியில்) அந்தக் கண்ணுக்குப் பதில்தரும் கலங்கள் மிகவும் குறைந்திருந்தன. 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே மழுங்குவது பார்வை. ‘கண் மழுங்கல்’ என்று எழுதினால் பொருள் பிழையாகிவிடும்.

அப்படியானால் விழித்திரையை ஏன் படம் எடுக்க வேண்டும்? முதலாவது, வேறு நோய் இல்லையென்று விலக்குவதற்கு. விழித்திரையின் நடுவிலுள்ள மஞ்சள் பொட்டில் தழும்போ, பார்வை நரம்பு மெலிவோ இருந்தும் மழுங்கல் என்று நினைத்து, அதற்குரிய சிகிச்சையாக நல்ல கண்ணை மறைத்துக்கொண்டிருந்தால் மாதங்கள் வீணாகும். 1991இல் அறிமுகமான ஓ.சி.ரி. ஸ்கேன், எக்ஸ் கதிர் எதுவுமில்லாமல், அகச்சிவப்பை அண்டிய ஒளியால் விழித்திரை அடுக்குகளின் குறுக்குவெட்டைக் காட்டும். இன்றைய கருவிகள் ஆழத்தில் 5 முதல் 7 மைக்ரோன் (மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை பிரித்தறியும்.

இரண்டாவது, ஆய்வு. பார்வை மழுங்கிய கண்ணில் மையக்குழி, அதாவது மஞ்சள் பொட்டின் நடுவில் மிகக் கூர்மையாகப் பார்க்கும் பள்ளம், சற்றுத் தடித்திருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன; வேறு சில, வித்தியாசமே இல்லை என்கின்றன. இந்த முரணில் ஒரு பங்கு அளவீட்டுப் பிழையாக இருக்கலாம். மழுங்கிய கண் பல வேளை மையக்குழியால் பார்க்காது, பக்கத்து இடத்தால் பார்க்கும். பிள்ளை கருவிக்குள் தெரியும் பச்சைப் புள்ளியை உற்றுப் பார்த்தாலும், தடிப்பை அளக்கக் கருவி வரையும் வட்டம் குழியை விட்டு விலகி விழுகிறது. நடுவில் உள்ள 1 மி.மீ. வட்டத்தின் சராசரித் தடிப்பு ஏறத்தாழ 260 மைக்ரோன். சுற்றியுள்ள வளையத்தில் 320க்கு மேல். வட்டம் சற்று விலகினாலே குழி ‘தடித்ததாக’ இலக்கம் வரும். எனவே தடிப்பு வரைபடத்தை நம்புமுன் குறுக்குவெட்டில் குழியின் அடியைக் கண்டுபிடித்து வட்டத்தைக் கையால் நகர்த்த வேண்டும். படத்தின் தரத்தைக் காட்டும் சமிக்ஞை பலம் 10இல் 6க்குக் குறைந்த படத்தை மீள எடுக்க வேண்டும்.

அடுத்துப் பிழை நுழையும் இடம், முன்னிருந்து பின்வரை கண்ணின் நீளம். கிட்டப்பொருள் தெளியாத, பிளஸ் பவர் கண் பெரும்பாலும் குட்டையானது. கருவியோ ஏறத்தாழ 24 மி.மீ. நீளக் கண்ணை மனதில் வைத்துக் கணக்கிடுகிறது. 22 மி.மீ. கண்ணில் அது 6 மி.மீ. என்று காட்டும் அகலம் உண்மையில் 5.4 மி.மீ. அளவுதான். பவர் வித்தியாசத்தால் மழுங்கிய கண்ணை அதே பிள்ளையின் நல்ல கண்ணோடு ஒப்பிடும்போது இந்தப் பிழை ஒருபக்கமாகவே சாயும். விழித்திரையின் இரத்த நுண்குழாய் அடர்த்தி பார்க்கும் ஸ்கேனிலும் இதே தொல்லைதான். இரு கண்ணின் நீளத்தையும் அளந்து திருத்தாமல் வெளியிடும் இலக்கத்தை மழுங்கலின் அடையாளமாகக் கொள்ள முடியாது.

பெற்றோருக்கான துண்டில் இப்படி எழுதலாம்: “வலது கண்ணில் பார்வை மழுங்கல். ஸ்கேனில் விழித்திரை சரி. கண்ணாடியை நாள் முழுதும் போட வேண்டும். சில வாரங்களில் போதிய முன்னேற்றம் இல்லையென்றால் இடது கண்ணை நாளுக்கு 2 மணித்தியாலம் மறைக்க வேண்டும்.” மழுங்கல் கடுமையென்றால் 6 மணித்தியாலம் வரை போகும். எந்தக் கண்ணை மறைப்பது என்பதைத் தமிழில், கண்ணின் பக்கத்தைச் சொல்லி எழுதுங்கள்; ‘நல்ல கண்’ என்று மட்டும் எழுதினால் வீட்டில் அது மாறிப்போக இடமுண்டு.