நூற்றுக்கு எண்பது பொருத்தம் ஏன் போதாது?

மதுரை மக்களவைத் தொகுதி வேட்பாளர்களை நாளிதழ்களும் செய்தித் தளங்களும் ஒரே மாதிரி நடத்துகின்றனவா, இதை அளக்க முடியுமா என்று மேலூர் வாசகர் ஒருவர் கேட்கிறார். முடியும்.

செய்திகளைத் திரட்டுவது எளிது. வேட்புமனு வாபஸுக்கும் வாக்குப்பதிவுக்கும் இடையே குறைந்தது 14 நாள் இருக்கும். எல்லா நாளையும் எடுத்துவிடலாம். நாளிதழில் மதுரைப் பதிப்பையே எடுக்க வேண்டும். அச்சில் இடத்தைப் பத்தி-சென்டிமீட்டரில், அதாவது ஒரு பத்தி அகலத்தில் எத்தனை சென்டிமீட்டர் நீளம் என்று அளப்பார்கள். இணையத்தில் அது செல்லாது. அதனால் அந்தந்த ஊடகத்தின் மொத்தத் தேர்தல் செய்திச் சொற்களில் ஒவ்வொரு வேட்பாளரின் பங்கு எத்தனை சதவீதம் என்று பார்த்து ஒப்பிட வேண்டும்.

கடினமானது தொனி. ஒரே செய்தியை இரண்டு பேர் பேசிக்கொள்ளாமல் படித்து, 'சார்பு' அல்லது 'நடுநிலை' என்று குறிக்க வேண்டும். 100 செய்திகளில் 80-இல் ஒத்துப்போனார்கள் என்று வைப்போம். நல்ல மதிப்பெண் போலத் தெரிகிறது. ஆனால் இருவருமே ஆளுக்கு 80 செய்திகளுக்கு 'நடுநிலை' போட்டிருந்தால்? படிக்காமலே அதே விகிதத்தில் குறித்தாலும் சராசரியாக 64 செய்திகளில் 'நடுநிலை'யும் 4-இல் 'சார்பு'ம் தற்செயலாகப் பொருந்தும். 68 இலவசமாக வந்துவிடுகிறது! உழைத்துப் பெறக்கூடியது மீதி 32, பெற்றதோ 12. 12-ஐ 32-ஆல் வகுத்தால் 0.375. உளவியலாளர் ஜேக்கப் கோஹன் 1960-இல் தந்த 'காப்பா' அளவு இதுதான். எவ்வளவு அழகான கழித்தல்! ஆளுக்கு 20 செய்திகளில் சார்பைக் கண்டவர்கள், 10-இல் மட்டுமே ஒத்துப்போனார்கள் என்பதை அது வெளியே இழுத்துவிடுகிறது. 0.8-ஐ எட்டினால் நம்பலாம், 0.67-க்குக் கீழே முடிவு சொல்லாமல் இருப்பதே நல்லது.

பெரும்பாலும் இடறுவது மேற்கோளில். ஒரு வேட்பாளர் மேடையில் எதிராளியைத் திட்டுகிறார், நிருபர் அதை அப்படியே எழுதுகிறார். அது யாருடைய சார்பு? நிருபரின் குரலுக்கும் பேசியவரின் குரலுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டு, தலைப்பையும் தனியாகக் குறித்தால் காப்பா ஏறும். குறிக்கும் விதியை இப்படித் திருத்தியபின் புதிய 50 செய்திகளில் சோதிக்க வேண்டும். பழையவற்றில் விடை மனதில் தங்கியிருக்கும்.

ஆய்வு நிதி கொடுப்பவர்கள் இரண்டாம் ஆளின் ஊதியத்தில் கை வைக்கக் கூடாது. அவர் இல்லாவிட்டால் மிஞ்சுவது ஒருவருடைய அபிப்பிராயம்தான்.

இணையத்தில் இன்னொன்று: காலைத் தலைப்பு மாலையில் மாறிவிடும். தினமும் காலை 8, இரவு 8 என்று குறித்த நேரத்தில், பயனர் கணக்கில் நுழையாத உலாவியில் பக்கத்தைச் சேமித்து, நேரத்தையும் எழுதி வைக்க வேண்டும்.