வரிசைக் குறைப்பா, ஒழுங்குக் குறைப்பா?

'மாடல் ஆர்டர் ரிடக்‌ஷன்' என்பதை, அதாவது ஒரு பொருளின் கணினி மாதிரியில் உள்ள மாறிகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் பொறியியல் முறையை, 'மாதிரி ஒழுங்குக் குறைப்பு' என்று எழுதுவதை இன்னும் எத்தனை கட்டுரைகளில்தான் படிப்பது? ஒழுங்கைக் குறைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஆர்டர், லத்தீன் 'ஓர்டோ'விலிருந்து வந்தது. அதன் பொருளே வரிசை. நம் பாடநூல்களும் 'அணியின் வரிசை', 'வகைக்கெழுச் சமன்பாட்டின் வரிசை' என்றுதான் சொல்கின்றன. ஒரு விமான இறக்கையைக் கணினியில் சிறு கூறுகளாகப் பிரித்தால் இலட்சக்கணக்கில் சுதந்திர இயக்கக் கூறுகள், அதாவது தனித்தனியே நகரக்கூடியவற்றைக் குறிக்கும் மாறிகள், வந்து நிற்கும். வளைய மறுக்கும் தன்மையை எண்களாக அடுக்கிய விறைப்பு அணியின் (மேட்ரிக்ஸ்) வரிசையும் அவ்வளவு பெரிதாகும். அதைச் சில பத்துகளுக்குள் கொண்டுவருவதுதான் வேலை. 1965இல் கையன் என்ற பொறியாளர் தந்த முறையும், 1968இல் கிரெய்க், பாம்ப்டன் என்ற பொறியாளர்கள் தந்த முறையும் இதைத்தான் செய்கின்றன. ஆகவே வரிசைக் குறைப்பு.

வரிசை என்றால் ஆட்கள் நிற்கும் வரிசை நினைவுக்கு வருமே என்கிறார்கள். வரட்டுமே! 'அணி' என்றால் நகை, படை, விளையாட்டுக் குழு என்று எத்தனையோ பொருள். கணக்குப் போடும் மாணவர் யாரும் குழம்பவில்லை.

'ஒழுங்கு' பார்த்தவுடன் தவறு என்று தெரிந்துவிடும். சிலர் எழுதும் 'மாதிரி எளிமையாக்கம்' அப்படியல்ல. படிக்கச் சுகமாக இருந்துகொண்டே தப்பான வழிக்குக் கூட்டிப்போகிறது. எளிமையாக்குவது என்றால் திருகாணிகளை விட்டுவிடலாம், வளைகோட்டை நேர்கோடாக்கலாம். அதாவது இயற்பியலையே மாற்றலாம். வரிசைக் குறைப்பில் இயற்பியலைத் தொடக் கூடாது. அதைக் குறைந்த மாறிகளில் சொல்ல வேண்டும்.

இரு முனைகளும் இறுகப் பிடித்த மெல்லிய உத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது தன் தடிமன் அளவுக்கு வளைந்தாலே நீளவாக்கிலும் இழுபடும். விறைப்பு கூடும், அதிர்வெண்ணும் வீச்சோடு சேர்ந்து ஏறும். நேரியல் அல்லாத நடத்தை என்பது இதுதான். 'எளிமையாக இருக்கட்டும்' என்று வளைவு வடிவங்களை மட்டும் வைத்துக்கொண்டு, கூடவே நடக்கும் நீளவாக்கு நகர்வை விட்டுவிட்டால், உத்திரம் உண்மையில் இருப்பதைவிட விறைப்பாகத் தெரியும். மாறிகள் குறைந்தன, விடையும் கெட்டது. அந்த நகர்வை வளைவைப் பொறுத்து மாறும் சார்பாக எழுதிச் சேர்த்தால் மாறிகளும் கூடாது, விடையும் நிற்கும். இந்த வேறுபாட்டை 'எளிமையாக்கம்' என்ற சொல் மூடி மறைக்கிறது.

அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்துக்கொள்ளும் வழக்கம் கலைச்சொல்லாக்கத்தில் பெருகிவிட்டது. துறைநூலில் அந்தச் சொல் எதை எண்ணுகிறது என்று ஒரு பக்கம் புரட்டிப் பார்க்கக்கூடாதா?

சரி, குறைத்தபின் கிடைப்பதற்கும் பெயர் வேண்டும். 'குறைவரிசை மாதிரி' என்று எழுதலாம்.